குமரேசனின் ஓநாய்களுக்கு இப்போது நான்தான் கறி வைக்கிறேன்

எஞ்சாமி குமரேசா,

நீ முதலில் என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும், அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். உன் ஓநாய்கள் நன்றாக இருக்கின்றன. நீ போகும்போது ஏழு இருந்தன, இப்போது ஒன்பது. பெரியவள் இரண்டு குட்டி போட்டிருக்கிறாள். ஒன்றுக்கு அவளைப் போலவே வெள்ளைக் காது. இன்னொன்று ஓயாமல் மற்றவர்கள் வாலைக் கடிக்கிறது, அது யார் சாயல் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இந்தக் கடிதத்தை வேறு யாராவது படித்தால் சூலூரில் ஒருத்தி ஓநாய் வளர்க்கிறாளா என்று பதறிவிடப் போகிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இது போனில் விளையாடுகிற கேம். பனி பெய்கிற ஒரு காட்டில் நம்மை வெறுங்கையோடு விட்டுவிடுவார்கள். விறகு பொறுக்கி, தீ மூட்டி, குடிசை போட்டு உயிரோடு இருக்க வேண்டும். குளிரோ பசியோ ஓநாயோ, எது வேண்டுமானாலும் நம்மைக் கொல்லலாம். ஓநாய்களைப் பழக்கிக்கொண்டால் அவையே நமக்காக வேட்டையாடும், காவல் இருக்கும். ஒரே காட்டில் மூன்று பேர் அவரவர் போனிலிருந்து சேர்ந்து விளையாடலாம். அந்த மூவரில் யாராவது கறி வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பத்து நாள் விட்டுவிட்டால் பழகிய ஓநாயும் நம்மை மறந்து காட்டுக்குள் போய்விடும்.

மத்தியானக் கூட்டம் ஓய்ந்து, மெஸ்ஸில் பாத்திரமெல்லாம் கழுவக் கிடக்கும் மூன்று மணிக்கு நான் காட்டுக்குள் போகிறேன். ஐம்பத்திரண்டு வயதில் கல்லாவில் உட்கார்ந்து கேம் விளையாடுகிறவள் இந்தச் சூலூரில் நான் ஒருத்திதான் இருப்பேன். லேத்துப் பட்டறை ஆட்கள் தாமதமாகச் சாப்பிட வந்தால், "அக்கா, இன்னிக்கு எத்தன ஓநாய் வந்துதுங்க?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். உன் மச்சான் சார்ஜர் மட்டும் எடுத்துவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார்.

நீ என்னை எதற்காக இந்த விளையாட்டில் இழுத்துவிட்டாய் குமரா? இந்த ஒரு வருடமாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வால்பாறை தேயிலை எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்த மலரை நீ ரிஜிஸ்டர் ஆபீஸில் கட்டிக்கொண்டபோது, அப்பா தனக்கு ஒரே ஒரு பெண்தான், பையனே இல்லை என்று ஊருக்குள் சொன்னார். அவர் சொன்னது போகட்டும், நான் என்ன செய்தேன்? சூலூருக்கும் கருமத்தம்பட்டிக்கும் என்ன தூரம்? ஆறு வருடம் உன் வாடகை வீட்டுப் படியை நான் மிதிக்கவில்லை. வேறு சனம், நமக்குச் சரிப்படாது என்று மற்றவர்கள் சொன்னதை நானும் சொன்னேன். உன் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது, வாரத்துக்கு மூன்று நாள் கோயம்புத்தூருக்கு டயாலிசிஸுக்குப் போகிறாய் என்று பஸ்ஸில் யாரோ சொல்லித்தான் கேள்விப்பட்டேன். மறுநாளே அஞ்சடுக்குக் கேரியரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றேன்.

எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதானே. இருபது வருடமாக மெஸ் நடத்துகிறவள். மன்னிப்புக் கேட்க வேண்டுமானாலும் சாம்பாரில்தான் கேட்பேன். மலர் கேரியரை வாங்கிக்கொண்டாள், "உக்காருங்க" என்றாள், காபி கொடுத்தாள். மறுநாள் நான் வந்தபோது கேரியரைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். கீரையும் தக்காளி ரசமும் தேங்காய்ச் சட்னியும் உன் வாய்க்குள் போகவே இல்லை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவள் காய்களை நறுக்கி வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, உப்பில்லாமல் வேகவைத்து உனக்குக் கொடுத்தாள். கீரையும் தக்காளியும் தேங்காயும் சிறுநீரகத்துக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னபடி செய்தாள். நானோ, என் தம்பியை அந்த எஸ்டேட்டுக்காரி பட்டினி போடுகிறாள் என்று சொந்தத்தில் ஒருவர் விடாமல் சொல்லிவைத்தேன். அது உன் காதுக்கும் வந்தது, அவள் காதுக்கும் வந்தது. நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருநாள் போன் செய்து இவ்வளவுதான் சொன்னாய்.

"அக்கா, நாளைக்குச் சோறு இல்லாம வா. போன்ல சார்ஜ் போட்டுட்டு வா."

அப்படித்தான் நான் காட்டுக்குள் வந்தேன். முதல் நாளே ஓநாய்க் கூட்டத்தைப் பார்த்து ஓடினேன், செத்தேன். அடுத்த நாள் கல்லால் ஒன்றை அடித்தேன், ஏழும் சேர்ந்து வந்தன, மறுபடி செத்தேன். கட்டிலில் படுத்தபடி நீ வயிறு குலுங்கச் சிரித்தாய். ஓடினால் துரத்தும், ஒன்றை அடித்தால் எல்லாம் வரும், அதனால் கறியைக் கீழே வைத்துவிட்டு இருபது அடி பின்னால் வந்து உட்கார் என்றாய். வைத்தேன். ஓநாய் வந்து தின்றது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னொன்று வைத்தேன், அதையும் தின்றது. போதும் என்று அது திரும்பியபோது முன்னால் போய் இன்னும் இரண்டு வைத்தேன்.

பதினைந்து நாள் இப்படி அள்ளி அள்ளி வைத்தும் ஒரு ஓநாய்கூட எனக்குப் பழகவில்லை. நம்பிக்கையைக் காட்டும் அந்தப் பச்சைக் கோடு கொஞ்சம் ஏறும், அப்படியே பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். கேமில் ஏதோ கோளாறு என்று நான் சண்டைக்கு நின்றேன். நீ என் போனை வாங்கிப் பார்த்தாய். விருந்துக்கு வந்த சொந்தத்துக்கு வைத்ததுபோல், மீனும் மானுமாக என் ஓநாய் முன்னால் குவிந்து கிடந்தது.

"இது ஒறம்பரை வந்த ஊடு இல்லக்கா. அதுக்குப் பசிக்கோணும். பசிச்சு, அதா உன்னப் பாத்து நடந்து வரோணும். நீ துரத்தித் துரத்தி வெச்சா அது உன்ன நம்பாது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பசியோடு ஒரு உயிர் எதிரே நிற்க, கையில் கறியை வைத்துக்கொண்டு எப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பது? ஆனாலும் உட்கார்ந்தேன். மூன்று நாள் ஆனது. நாலாம் நாள் பெரியவள் இறங்கி வந்து என் காலடியில் படுத்தாள். நீ மலரைக் கூப்பிட்டாய், அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள், "நல்லாருக்குங்க" என்றாள். அவள் என்னிடம் காபியைத் தவிர வேறு ஒன்றைப் பற்றிப் பேசியது அன்றைக்குத்தான்.

ஓநாயைப் பற்றி நீ எவ்வளவு படித்து வைத்திருந்தாய் சாமி. நாமெல்லாம் பேராசைக்காரனைத் திட்டத்தான் அந்தப் பேரைச் சொல்லுவோம். கூட்டத்தில் தலை என்பது பலசாலி இல்லை, அது ஒரு குடும்பம், அம்மாவும் அப்பாவும் முன்னால் போகும், பிள்ளைகள் பின்னால் வரும், அவ்வளவுதான் என்றாய். வயிறு நிறையத் தின்று வந்து குட்டிகளுக்குக் கக்கிக் கொடுக்கும் என்றாய். நானும் அந்த வேலையைத்தானே செய்கிறேன் என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

பிறகு அந்தச் சாம்பல் நிற ஓநாய் வந்தது, நினைவிருக்கிறதா? வேறு கூட்டத்திலிருந்து தனியாக வந்து, ஓடைக்கு அந்தப் பக்கம் நாலு நாள் நின்றது. ஐந்தாம் நாள் கிட்டே வந்தபோது நம்முடைய ஏழும் பல்லைக் காட்டிக்கொண்டு சுற்றி வளைத்துவிட்டன. நான் கம்பை எடுத்தேன், நீ வேண்டாம் என்றாய்.

"எதையும் அடிக்காத, துரத்தாத. புதுசு பக்கத்துல போய் நில்லு. நீ நிக்கறதப் பாத்தாத்தான் மத்தது அடங்கும்."

நான் போய் நின்றேன். கை வேர்த்து போன் வழுக்கியது. உறுமிக்கொண்டே சுற்றின, ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. புதுசு பக்கத்தில் போய் நில் என்று சொன்னபோது நீ, மலர் இருந்த சமையலறைப் பக்கம் பார்த்தாய். நான் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சாம்பல் ஓநாய் ஒரு வாரம் நம்மோடு இருந்துவிட்டு அதன் வழியில் போய்விட்டது. எனக்கு வருத்தமாக இருந்தது. கட்டிப்போடத்தான் முடியாதே என்றாய்.

இனிச் சொல்லப்போவது நீ இல்லாமல் நடந்தது. நீ கேட்க வேண்டாம் என்றுகூட நினைத்தேன், ஆனால் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

நீ உயிரோடு இருந்தபோது பார்க்க வராத அப்பா, உன் உடம்பைத் தன் வீட்டுக்குத்தான் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டார். வாசலில் பந்தல் போட்டுப் படுக்க வைத்தோம். மலரின் அம்மாவும் அண்ணனும் வால்பாறையிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். பெண் வீட்டு முறைப்படி உனக்குப் போட ஒரு புதுவேட்டி, கோடித்துணி, தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்தார்கள். சொந்தக்காரர்கள் நெருங்கி நின்று வழியை மறித்துக்கொண்டார்கள். "அவங்கள அக்கட்டால நிக்கச் சொல்லுங்க" என்றார் அப்பா, நாற்காலியை விட்டு எழாமலே. அந்த அம்மா தாம்பாளத்தோடு வேப்பமரத்தடியில் போய் நின்றார்.

உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மலர் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வேறு யாரையும் பார்க்கவில்லை, என்னைத்தான். என் கையில் காபித் தட்டு இருந்தது. நான் அடுத்த வரிசைக்குப் போய், "சக்கர போதுங்களா?" என்று ஒருவரிடம் கேட்டேன்.

கேமில் தெரிந்தது எனக்கு வீட்டில் தெரியவில்லை குமரா. தெரியாமல் என்ன, தெரிந்துதான் நிற்கவில்லை. அன்றைக்குச் சாயந்திரமே அவள் அதே வேனில் வால்பாறைக்குப் போய்விட்டாள். அந்தக் கோடித்துணியையும் அவர்கள் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஒன்பதாம் நாள்தான் ஓநாய்களின் நினைவு வந்தது. எலும்பும் தோலுமாக இருக்கும் என்று பயந்துகொண்டே திறந்தேன். எல்லாம் கொழுகொழுவென்று இருந்தன. குடிசை முன்னால் புதுக் கறி வைத்திருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் ஓர் உருவம் நின்றது, தலைக்கு மேல் மலர் என்று பெயர். நம் மூன்று பேரில் மூன்றாவது ஆள் அவள்தான் என்று நீ எனக்குச் சொல்லவே இல்லையே?

நான் என்ன செய்தேன் தெரியுமா? இருந்த கறி முழுவதையும் வாரிக்கொண்டு அவளைப் பார்த்து ஓடினேன். அவள் உருவம் சட்டென்று மறைந்துவிட்டது. நான் அதோடும் விடவில்லை. முறுக்கும் பருப்புப் பொடியும் கட்டி வால்பாறை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன். திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினேன். மூன்றாம் தடவை கண்டக்டரே பாவப்பட்டு, வேண்டாம் என்று மலர் வீட்டார் நேரிலேயே சொல்லிவிட்டார்கள், இனிமேல் கொடுக்காதீர்கள் அக்கா என்றார். அந்தப் பொட்டலத்தோடு சூலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றபோதுதான் உன் சிரிப்பு எனக்குக் கேட்டது.

அதன் பிறகு நான் துரத்தவில்லை. தினம் மூன்று மணிக்குப் போவேன், கறி வைப்பேன், இருபது அடி பின்னால் வந்து உட்காருவேன். அவள் ஓடைக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பாள். ஒரு மாதம் இப்படியே போனது. இரண்டாவது மாதம் ஒரு நாள் திரையில் எழுத்து வந்தது. "இன்னிக்கு நான் வெச்சிட்டேன். நீங்க வெக்க வேண்டாம்." அதற்கு நான் ஒரு முழம் பதில் அடித்தேன். என்னை மன்னித்துவிடு, சாப்பிடுகிறாயா, உடம்பு எப்படி இருக்கிறது, அம்மா எப்படி இருக்கிறார்கள், எல்லாம் கேட்டு. பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, "செரிங்க" என்று மட்டும் அனுப்பினேன். என் வாழ்நாளில் இவ்வளவு கம்மியாக நான் யாருக்கும் எதுவும் பரிமாறியதில்லை.

மழைக்காலம் முடியும்போது அவள் ஓடையைத் தாண்டி வந்தாள். குட்டி பிறந்ததை எனக்குச் சொன்னதும் அவள்தான். அவளும் நானும் ஒரே தீயின் இரண்டு பக்கம் உட்கார்ந்து அந்தக் குட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இங்கே தலைக்கு மேல் ஏர்போர்ஸ் விமானம் இரைந்துகொண்டு போனது. அவளுக்கு அங்கே மழைச் சத்தம் கேட்டிருக்கும்.

உன் வருசத் திதி வந்தது. அப்பா வீட்டில்தான், நான்தான் சமையல். மலருக்கு நாளும் நேரமும் மட்டும் எழுதினேன். கட்டாயம் வர வேண்டும் என்று எழுதவில்லை, எழுத விரல் துடித்தது.

பதினொன்றரைக்கு அவள் வெளிவாசல் கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். பஸ்ஸில் வந்த புடவைக் கசங்கலோடு, கையில் ஒரு துணிப்பை. வாசற்படியில் நின்றவர்கள் வழி விடவில்லை, ஒருவர் தோளோடு ஒருவர் ஒட்டி நின்றார்கள். எனக்கு அந்தக் காட்சி நன்றாகப் பழக்கமானது.

கரண்டியைப் போட்டுவிட்டுப் போய் அவள் பக்கத்தில் நின்றேன். கையைப் பிடிக்கவில்லை, கட்டிக்கொள்ளவில்லை. பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். இரண்டு பேரும் சேர்ந்து நடந்தோம், படியில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள். பைக்குள் அந்தக் கோடித்துணி இருந்தது. மலர் அதை உன் படத்துக்கு முன்னால் வைத்தாள், படையல் போட்டாள், கற்பூரம் காட்டினாள். ஆனால் சாப்பிட இலை போடும் நேரம் வந்ததும் ஆம்பளைகள் எல்லாம் வழக்கம்போலக் கூடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அவளைக் கொல்லைப் பக்கம் போகச் சொல்லி யாரோ ஜாடை காட்டினார்கள்.

"அப்பா, உங்களுக்கும் ஒறம்பரைக்கும் சேத்தித்தானுங்க சொல்றேன்" என்றேன். "மலரு இந்தக் கூடத்துல உக்காந்தாத்தான் எல விழும். அதுவரைக்கும் ஒருத்தருக்கும் நான் சோறு போட மாட்டேனுங்க."

நான்தான் சொன்னேன் குமரா, வந்தவர் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்க்கிற நான். மணி பன்னிரண்டரை ஆனது. அப்பாவுக்குச் சர்க்கரை, நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். "வேண்டாம் அண்ணி, நான் போயிடறேன்" என்றாள் மலர். "நீ போனா நானும் கூட வாரேன். சோறு இப்படியே கெடக்கட்டும்" என்றேன். சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. உன் மச்சான் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து வந்து என் பின்னால் நின்றுகொண்டார்.

ஒரு மணி தாண்டியது. அப்பா எழுந்தார். வெளியே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். கை கழுவிக்கொண்டு வந்து பாயில் உட்கார்ந்தார்.

"எல போடு."

"யாருக்குங்க?"

"அந்தப் பொண்ணுக்குந்தான்."

மலர் உட்கார்ந்தாள், அதே வரிசையில், நடுவில் ஓர் இலை இடம் விட்டு. நான் பரிமாறினேன். இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று இரண்டு பேரிடமும் கேட்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் அப்பா கையை நிறுத்தினார். இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏனம்மணி, அவன் கடைசியா என்ன சாப்பிட்டான்?"

உன்னைப் பெற்ற தகப்பன் என்று சொல்லிக்கொண்டு இத்தனை பேர் நடுவில் உட்கார்ந்திருக்கிறாரே, அது அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அந்த வீட்டில் மலர் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"இட்லிங்க மாமா. ஒண்ணரை இட்லி. அண்ணி செய்யற தேங்காச் சட்னி வேணும்னு கேட்டாருங்க. டாக்டர் கூடாதுன்னிருந்தாரு, நான் குடுக்கலீங்க." அதற்கு மேல் அவளால் முடியவில்லை. இலை மேல் குனிந்துகொண்டாள். ஒரு வருடமாக அவள் அதைத்தான் நெஞ்சில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். பட்டினி போட்டவள் என்று நான் வைத்த பேர் வேறு.

அப்பா ஆறிய சாம்பாரைச் சோற்றில் பிசைந்தார். பிறகு, "குடுக்காததுதாஞ் செரி" என்றார். இலையில் இருந்ததைக் கடைசிவரை சாப்பிட்டார். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டபோது நான் தண்ணீர் எடுக்கப் போவதுபோல் உள்ளே போய்விட்டேன்.

மலர் இங்கேயே தங்கவில்லை. சாயந்திரப் பஸ்ஸில் ஏறிவிட்டாள், அடுத்த மாதம் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். சொந்தத்தில் இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை. பேசும்போது பேசட்டும். சோறு இல்லாமல் வா என்று நீ சொன்ன நாளிலிருந்து இன்றுவரை எனக்குச் செய்ததெல்லாம் நினைத்தால் நெஞ்சு நிறைந்துபோகிறது. ஆறு வருடம் எட்டிப் பார்க்காத அக்காளை, ஒரு குத்தல் வார்த்தை இல்லாமல் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாய். உன் பொண்டாட்டியை எப்படி நெருங்க வேண்டும் என்று, அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமலே எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். உனக்கு நான் நன்றி சொல்ல வேண்டும் சாமி. நீ இருக்கும்போது சொல்லத் தெரியவில்லை, இப்போது சொல்கிறேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். மலர் வந்தால் வரட்டும், வேறு வாழ்க்கை அமைத்துக்கொண்டு போனாலும் போகட்டும், நான் அவளைக் கட்டிப்போட மாட்டேன். ஆனால் அவள் எந்த வாசலில் வந்து நின்றாலும், என் கையில் என்ன இருந்தாலும் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் நிற்பேன்.

உன்னோடு பிறந்தவளும் மலருக்கு அண்ணியுமான,
சரசு அக்கா
சூலூர்